பூனையைப் பெற்றுக்கொண்டவர்

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே, டெல்லிக்கும் அங்கிட்டு ஒரு ஊரில் குடும்பத்தோடு இருக்க அவனுக்கு வீடு கிடைத்தபோது, மாசமாக இருந்த அவன் பெண்டாட்டி கூடவே போய்விட்டாள். மகள் நாலாம் வகுப்புப் பாதியில் இருந்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் அக்காவிடம் இருக்கட்டும் என்று விட்டுப்போனார்கள்.

எனக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருசமாகிறது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஆறு அறை கட்டி, சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். எந்தக் காரியத்துக்கும் யார் முன்னாலும் போய்க் கையைக் கட்டி நின்றது கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஒரு இடத்தில் நிற்க வேண்டி வந்தது.

பிள்ளை என்னிடம் வந்து ஒரு மாசம் இருக்கும். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் அறையைப் பெருக்கப் போனால் கட்டிலுக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி. சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. வெளியே விரட்டத்தான் விளக்குமாற்றை நீட்டினேன். பிள்ளை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "இதுக்கும் அம்மா வெளியூர் போயிருக்கா போல அத்தை."

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பேர் வைக்கவில்லை. "பூனை" என்று கூப்பிட்டாலே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடும். அம்மாவிடம் போனில் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, பூனையிடம் பேசுவதைக் கேட்க வேண்டும். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரைக்கும் ஒப்பிப்பாள். அது கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்.

பங்குனியில் தம்பிக்குப் பையன் பிறந்தான். வயிற்றை அறுத்து எடுத்த பிள்ளை, அதனால் அவன் பெண்டாட்டியால் மகளைக் கூப்பிட வர முடியாது. தம்பிக்கு லீவு இல்லை. டெல்லி வரைக்கும் வந்து போக ஒரு நாள் விடுவார்கள், இங்கே வந்து திரும்ப விட மாட்டார்கள். அங்கே ஆனி மாசத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் பிள்ளை போய்ச் சேர வேண்டும்.

"குழந்தை தனியா வர்றதுக்கு ஏரோப்ளேன்ல ஒரு ஏற்பாடு இருக்குக்கா," என்றான் போனில். "நீ ஏத்தி விடுத இடத்துல அவங்க ஆளு உன் கார்டைப் பாத்து, கையெழுத்து வாங்கிட்டுப் பிள்ளைய கையில பிடிச்சுக்கிடுவாங்க. இறங்குத இடத்துல என் கார்டைப் பாத்து, என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் விடுவாங்க. வேற யாரு கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க."

"பார்சல் ஆபீசு மாதிரியாலே?"

"பார்சலுக்கு யாருக்கா குடிக்கத் தண்ணி கொடுக்கா?"

எனக்கு அது பிடித்திருந்தது. ஆளைப் பார்த்து வாங்கி, ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நான்கூட அறைச் சாவியை அப்படித்தான் கொடுப்பேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, "பூனைக்கு எந்த சீட்டுன்னு கேளுங்க அத்தை," என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றான் தம்பி. நாய் பூனையெல்லாம் ஏற்றுகிறார்கள், கூண்டு வேண்டும், ஊசி போட்ட அட்டை வேண்டும் என்று யாரோ சொன்னதை வைத்து, நாங்கள் அதற்குள் தென்காசி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே ஆட்டையும் கன்றுக்குட்டியையும் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தால், ஆட்டுக்காரர் ஒருத்தர் கேட்டார், "என்ன ஆச்சி, பூனைய எந்த ஊருக்குக் கெட்டிக் கொடுக்கீக?"

"டெல்லிக்கு," என்றேன். "மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்காரு. ஆடு வேண்டாம்னுட்டாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை. பூனைக்கு ஊசி போட்ட இடத்தை ஊதிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். பெரிய ஆள் யாராவது கூடப் போனால் பூனையையும் கொண்டு போகலாமாம். தனியாகப் போகிற குழந்தையோடு அனுப்ப மாட்டார்களாம். ஒன்பது வயசுப் பிள்ளை தனியாகப் போகலாம், பூனை தனியாகப் போகக் கூடாது. நான் இரண்டு தரம் கேட்டேன். அப்படித்தான் என்றான்.

நான் கூடப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பிள்ளையும் கேட்டாள். எனக்கு அப்போதுதான் காதில் ஆபரேசன் ஆகியிருந்தது. ஆறுமாசத்துக்கு ஏரோப்ளேன் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் மூன்று நாள் உட்கார என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

"பூனை பின்னாடியே வருதுன்னு சொல்லி ஏத்தி விட்டுருக்கா," என்றான் தம்பி. "இங்க தம்பிப் பாப்பாவைப் பாத்தா எல்லாம் மறந்துரும்."

"மறக்கலைன்னா?"

"சின்னப் பிள்ளைதானக்கா," என்றான்.

"பொய் சொல்லி ஏத்தி விட்டா, அங்கன ஆகாசத்துல தனியா உக்காந்திருக்கையில அதுக்கு யாரும்லே துணை?" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை அவள் பிடிப்பாள். அப்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பூனையை உன்னோடு ஏற்ற மாட்டார்களாம், நீ மட்டும்தான் போக முடியும் என்றேன்.

அவள் தன் முனையைக் கீழே விட்டுவிட்டாள். வெள்ளை விரிப்பு ஈரத்தரையில் கிடந்தது.

"அப்ப நானும் போகல," என்றாள்.

இரண்டு நாள் என்னிடம் பேச்சில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். பேச்சுத்தான் இல்லை. அவளை நான் அதட்டவில்லை. எனக்கும் அவள் போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று உள்ளே ஒரு எண்ணம் கிடந்தது. அப்படி இருக்கிற நான் எந்த முகத்தோடு அதட்டுவது? ஆனால் அங்கே ஒருத்தி, எட்டு மாசமாக மகளைத் தொட்டுப் பார்க்காமல், கைக்குழந்தையோடு இருக்கிறாள். தினமும் போனில் "சாப்பிட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறாள். அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் பிள்ளை ஒரு தாளோடு வந்தாள். ஏரோப்ளேன்காரர்களின் ஃபாரத்தைத் தம்பி நிரப்பி, தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பியிருந்தான். நாலு பிரதி எடுத்ததில் ஒன்று மை தெளித்து வீணாகிவிட்டது. அதன் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தமிழில் அவளே ஒரு ஃபாரம் எழுதியிருந்தாள். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

தனியாக இருக்கப்போகிறவர் பெயர்: பூனை. வயது: எட்டு மாதம். கவனிக்க வேண்டியவை: சாளை மீனில் முள் எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், வரும் வரை பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். ஒப்படைப்பவர் என்ற இடத்தில் அவள் பேர். பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் "அத்தை."

"கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

"இப்பம் எப்படிப் போட முடியும்? நீ கொடுத்தாத்தான நான் வாங்கிக்கிட முடியும்? நீ ஏறப்போற அன்னைக்குப் போடுதேன்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பூனையும் ஏர்போர்ட் வரணும்."

"வரட்டும்," என்றேன்.

ஏரோப்ளேன் ஏறத் திருவனந்தபுரம் போக, செங்கோட்டைக்காரர் ஒருத்தரின் கார் பேசியிருந்தேன். பிள்ளை போகிற அன்றைக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். சாரல் பிடித்திருந்தது. கூண்டைப் பார்த்ததும் டிரைவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஆச்சி, இது வண்டிக்குள்ள வாந்தி எடுத்தா நாத்தம் ஒரு மாசத்துக்குப் போகாது பாத்துக்கிடுங்க."

பூனை எடுக்கவில்லை. தென்மலை வளைவில் பிள்ளைதான் எடுத்தாள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அதற்குப் பிறகு பூனையிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.

ஏர்போர்ட்டில் பூனையை உள்ளே விட மாட்டார்கள். டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, எங்களுக்கென்று ஏரோப்ளேன்காரர்கள் கொடுத்த ஒரு சீட்டைக் காட்டி நானும் பிள்ளையும் உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். மலையாளம் கலந்து தமிழ் பேசினாள். பிள்ளையின் பையை நிறுத்தாள், பிள்ளையிடம் அம்மா பேர், அப்பா பேர் கேட்டாள், டிக்கெட்டும் ஃபாரமும் வைக்கிற ஒரு பிளாஸ்டிக் பையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். பிறகு என் ஆதார் கார்டை வாங்கினாள். ஃபாரத்தைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள்.

"அம்மா, இதில வேற பேரு. குழந்தைய கொண்டு வர்றது வேற ஒரு ஆளுன்னு எழுதியிருக்கு."

நடந்தது இதுதான். எனக்கு வைத்த பேர் என் அப்பாவைப் பெற்றவளின் பேர். எங்கள் அம்மா மாமியார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். அப்புறம் எப்படி என்னைக் கூப்பிடுவாள், எப்படித் திட்டுவாள்? அதனால் கூப்பிட வேறொரு பேர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் இப்படித்தான். ஊரில் எனக்கு அந்தப் பேர்தான். அறைகளுக்கு முன்னால் போர்டில் இருப்பதும் அதுதான். வைத்த பேர் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தரம் வந்தது, அங்கிருந்து ரேஷன் கார்டுக்குப் போய் ஆதாரில் உட்கார்ந்துவிட்டது. தம்பி என்னைவிடப் பதினாலு வயசு இளையவன். எனக்குக் கல்யாணம் ஆகும்போது அவனுக்குக் கால்சட்டை போடத் தெரியாது. ஃபாரத்தில் அவனுக்குத் தெரிந்த அக்கா பேரை எழுதிவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டாள்.

"எனக்கு மனசிலாகுது அம்மா. ஆனா பேரு சேராத ஆள்கிட்ட குழந்தைய வாங்கக் கூடாது."

"நான் யாருன்னு குற்றாலத்துல வந்து கேட்டுப் பாரும்மா," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. "இதே மாதிரி வேற யாராவது பேரு மாறின ஒரு கார்டோட வந்து, நான் இந்தக் குழந்தைய வாங்கியிருந்தா, நீங்க என்னை விட்டிருப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

விட்டிருக்க மாட்டேன். அவள் சொன்னது நியாயம். நான் கையை முன்னால் கட்டிக்கொண்டு, "இப்பம் என்ன செய்யணும், சொல்லும்மா," என்றேன்.

டிக்கெட் போட்டவர் தன்னுடைய மெயிலிலிருந்து, கார்டில் இருக்கிறபடியே பேரைத் திருத்தி எழுதி அனுப்ப வேண்டும். ஆபீசர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கவுண்டர் மூட இன்னும் அரைமணிதான். "நான் போய் ஆபீசர்கிட்ட சொல்லி வைக்கிறேன், நீங்க அவருக்கு போன் பண்ணுங்க," என்று அவள் வேகமாக உள்ளே போய்விட்டாள்.

தம்பி டெல்லி ஏர்போர்ட் வாசலில் அப்போதே வந்து நின்றுகொண்டிருந்தான்.

"உன் கார்டுல என்ன பேருக்கா இருக்கு?"

சொன்னேன்.

"அது பாட்டி பேருல்லா?"

"எனக்கும் அதுதாம்லே."

தூக்கி வளர்த்த தம்பி, எனக்கு ஐம்பது வயசு தாண்டின பிறகு, என் பேரை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவனுக்கு அது என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். "சரிக்கா," என்றான் அப்புறம். "இங்கிலீஷ்ல எப்படிப் போட்டிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு. ஒண்ணு மாறினாலும் ஆகாது."

என் போன் பட்டன் போன். படம் பிடித்து அனுப்ப வழியில்லை. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. சுற்றிலும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஆட்கள், எதிரே ஆளில்லாத கவுண்டர். கார்டையும் போனையும் பிள்ளையிடம் நீட்டினேன்.

"அப்பாகிட்ட வாசிச்சுச் சொல்லு."

வாங்கிக்கொண்டாள். கார்டைப் பார்த்தாள். போனைக் காதில் வைக்கவில்லை. தம்பியின் "ஹலோ, ஹலோ" அதற்குள்ளிருந்து சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்தை, நான் சொல்லலைன்னா இங்கனயே இருந்துருவனா?"

ஆமாம் என்று சொன்னால் போதும், கீழே பூனை இருக்கிறது, கார் இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அவளுக்குச் சந்தோசம். எனக்கும்தான்.

"இருந்துருவ," என்றேன். "இன்னைக்கு. அப்பா மறுபடி டிக்கெட் போடுவான். அடுத்த வாரம் திரும்பியும் தென்மலையில வாந்தி எடுத்து, திரும்பியும் இந்த இடத்துல வந்து நிப்ப. அப்பவும் பூனைய ஏத்த மாட்டாங்க."

"அம்மா அழுவாளா?"

"அழுவா. ஆனா நீ போகணும்கிறது அதுக்காக இல்ல. போகாம இருந்தா உனக்கே அவ முகம் மறந்துரும்."

இதை நான் முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் போனில் அம்மாவிடம் யாரோ சொந்தக்காரரிடம் பேசுவது போலத்தான் பேசுகிறாள் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும் போல. போனைக் காதில் வைத்தாள். கார்டில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நடுவில் தம்பி தப்பாகத் திருப்பிச் சொல்ல, "இல்லப்பா, ரெண்டு தடவ வருது, கவனிங்க," என்று டீச்சர் மாதிரி அதட்டினாள். முடித்துவிட்டு, "முதல்ல இருந்து ஒரு தடவ வாசிங்க, நான் சரி பாக்கேன்," என்றாள்.

மெயில் வந்தது. ஆபீசர் வந்து என் முகத்தையும் கார்டில் இருக்கிற முகத்தையும் பார்த்தார். கார்டில் இருக்கிறது எனக்கே அடையாளம் தெரியாது. இருந்தாலும் சரி என்றார். அந்தப் பெண் புது ஃபாரத்தை நீட்டினாள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு நான் எங்கேயும் வைத்தது கிடையாது.

"போகலாமா மோளே?" என்று அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"ஒரு நிமிசம்," என்று பிள்ளை பையிலிருந்து தன் தாளை எடுத்தாள். கவுண்டர் மேல் வைத்து விரித்தாள். பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் இருந்த "அத்தை"யை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் கார்டில் இருக்கிற என் பேரைத் தமிழில் எழுதினாள்.

"இல்லன்னா இதுவும் செல்லாதுல்லா," என்றாள்.

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் தலையைச் சாய்த்து, "இது எந்தா?" என்று கேட்டாள்.

"பூனைய இவங்க வாங்கிக்கிட்டதுக்கு," என்றாள் பிள்ளை. "நீங்க ஒரு சீல் போடுவீங்களா?"

"சீல் போடக் கூடாது மோளே, திட்டுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் கழுத்தில் மாட்டினது போலவே இன்னொரு பிளாஸ்டிக் பையை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தாளை மடித்து அதற்குள் போட்டு, பிள்ளை என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

அழவில்லை இரண்டு பேரும். சாமான் சோதிக்கிற இடம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு தரம் கையை ஆட்டினாள். அப்புறம் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணும் குனிந்து பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

ஏரோப்ளேன் கிளம்புகிற வரைக்கும் கொண்டு வந்து விட்டவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. ஏதாவது காரணத்தால் கிளம்பாவிட்டால் பிள்ளையைத் திரும்ப வாங்க ஆள் வேண்டுமல்லவா. யாரும் சொல்லாமலேகூட நான் இருந்திருப்பேன். இரும்பு நாற்காலியில் கழுத்துப் பையோடு உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். நானும் தனியாகப் போகிற குழந்தை என்று நினைத்தார்களோ என்னவோ. ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணே தேடி வந்து, "போயாச்சு அம்மா," என்றாள்.

காருக்கு வந்தால் கூண்டு காலியாக இருந்தது. டிரைவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பூனை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கத்திக்கிட்டே இருந்துச்சு ஆச்சி. பாவம், திறந்து விட்டேன்."

திரும்பி வருகையில் செங்கோட்டை வந்ததும் போன் அடித்தது. கார்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன் என்றான் தம்பி. பிள்ளை போனைப் பிடுங்கினாள்.

"பூனை?"

"வாங்கிட்டேன்," என்றேன்.

அந்தப் பையை இப்போது சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். சாளை மீனில் முள் எடுக்கிறேன். இந்த வருசம் மேற்கே இடி அதிகம். இடித்ததும் பூனை மூன்றாம் நம்பர் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. அறைக்கு வந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், அது வெளியே வருகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்றே.